மறுமணத்துக்கு வரன் தேடும் முன்

கணவரை இழந்த அக்காவுக்கோ விவாகரத்தான தம்பிக்கோ வரன் பேச்சு எடுத்தால், நம்ம தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் முதலில் வரும் வார்த்தை 'ஒரு கால்கட்டு போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்'. ஆகாது. கல்யாணமானவர்களிடம் மனச்சோர்வு சராசரியாகக் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான், ஆனால் மனசு திடமாக இருப்பவர்களுக்கே கல்யாணம் சுலபமாக அமைகிறது என்பதும் அதில் ஒரு பங்கு. சண்டையும் அடியுமாக ஓடும் வீட்டுக்குத் தனியாக இருப்பதே மேல்.

அதனால் ஜாதகத்தை எடுக்கும் முன் ஆளைக் கவனியுங்கள். நடவு நேரத்தில் தெரியாது, வேலை இழுத்துக்கொண்டு போய்விடும். அறுப்பு முடிந்து கை சும்மா இருக்கும்போது பாருங்கள்: விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வருகிறதா, பிடித்த குழம்பையும் ரெண்டு வாயோடு ஒதுக்குகிறாரா, எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் சாக்குச் சொல்கிறாரா. ரெண்டு வாரம் இப்படியே போனால் முதலில் மனநல மருத்துவர், அப்புறம்தான் தரகர். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தயக்கமா, 14416க்கு போன் போடுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், இலவசம், தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்கிற பேச்சு வந்தால் ரெண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே.

விருப்பத்தைக் கூடத்தில் வைத்துக் கேட்காதீர்கள். பெரியப்பா, சித்தி எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது 'உங்க இஷ்டம்' என்றுதான் பதில் வரும், அது சம்மதமில்லை. தனியாகக் கேளுங்கள்: துணை வேண்டுமா, இல்லை இந்த வீட்டுப் பேச்சிலிருந்து தப்பித்தால் போதுமா? ரெண்டாவது என்றால் அதற்கு ஒரு வேலையோ தனி வீடோ போதும்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் கவனம். கல்யாண வேண்டுதலுக்குத் திருமணஞ்சேரி கோயிலுக்குப் போய் மாலை வாங்கி வந்த கையோடு மாத்திரையை நிறுத்தும் வீடுகள் உண்டு. வேண்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை, டாக்டர் சொல்லாமல் மாத்திரையில் கை வைக்காதீர்கள். நிறுத்தினால் நோய் திரும்பலாம், அதுவும் புது வீட்டில், புது மனுஷர்கள் முன்னால். வரப்போகிறவரிடம் சம்பந்தப்பட்டவரே நேரில் சொல்லிவிடட்டும். மறைத்துக் கட்டிவைத்தால் பின்னால் கல்யாணம் செல்லாது என்று கோர்ட்டுக்குப் போகிற அளவுக்கு முற்றலாம்.

பிள்ளைகள் இருந்தால், புதிதாக வந்தவரை முதல் நாளே 'அப்பா' என்று கூப்பிடச் சொல்லி நெருக்காதீர்கள். சுவரில் மாட்டிய போட்டோவையும் அவசரமாகக் கழற்ற வேண்டாம்.

தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்கிறார்களா? ஊர்வாயே பாதி உளைச்சல். கல்யாணம் செய்யத் தடையில்லாத இருவர் கணவன் மனைவி போலவே வாழ்ந்தால், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு அந்தப் பெண்ணுக்கும் உண்டு என்பதை மட்டும் தெரிந்துவையுங்கள்.

பணத்தையும் பேசிவிடுங்கள். விதவை உதவித்தொகை மறுமணத்தோடு நின்றுவிடும், குடும்ப ஓய்வூதியமும் பெரும்பாலும் அப்படித்தான். கைச்செலவுக்கு அதை நம்பியிருந்தவருக்கு, புது வீட்டில் ஒவ்வொன்றுக்கும் கை நீட்டுவதே பெரிய பாரம். தர்மாம்பாள் அம்மையார் பெயரில் (தஞ்சாவூர்க்காரர்தான்) அரசின் விதவை மறுமண நிதியுதவி இருக்கிறது. வயது வரம்பு உண்டு, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.