கிண்ணக் காளானைக் கண்டால் செய்யக்கூடாதவை

பருவமழை பிடித்ததும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில், விழுந்து மட்கும் கிளைகளில் ஆரஞ்சும் ரோஸுமாகக் குட்டிக் கிண்ணங்கள் முளைக்கும். குக்கைனா பேரினக் காளான்கள் இவை. பெரும்பாலும் 1 முதல் 3 செ.மீ. அகலம்தான் இருக்கும்.

இவற்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் படமெடுக்கும் வழக்கம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கட்டையிலா, மண்ணிலா, சாணத்திலா, எதில் முளைத்தது என்பதே அடையாளம் காண முதல் தடயம். பிடுங்கியதும் அது போய்விடும். காப்புக்காட்டில் அனுமதியின்றி எடுப்பது குற்றமும்கூட.

நிறத்தை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். குக்கைனா ஸ்பீசியோசா என்ற ஒரே சிற்றினம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனப் பல நிறங்களில் வரும். காய்ந்தால் எல்லாமே வெளிறிவிடும். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து மொபைல் ஆப் சொல்லும் பெயரும் இதனால்தான் பலமுறை தவறிப்போகிறது. தரையோடு குனிந்து, காம்பும் கிண்ணத்தின் வெளிப்புறமும் தெரியப் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். குக்கைனா டிரைக்கோலோமாவின் வெளிப்புறமெங்கும் நீண்ட முடிகள் சிலிர்த்து நிற்கும். ஸ்பீசியோசாவில் விளிம்பை ஒட்டிக் குட்டை முடிகள்தான். 10 மடங்கு கை லென்ஸில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

படம் அழகாக வரட்டும் என்று கிண்ணத்தில் தேங்கிய மழைநீரைக் கவிழ்ப்பார்கள், தூசியை ஊதுவார்கள். இரண்டும் வேண்டாம். கிண்ணக் காளான்களின் உட்பரப்பில் நுண்ணிய பைகள் நெருக்கமாக நிற்கின்றன. பெரும்பாலும் பைக்கு 8 வித்துகள். முற்றிய கிண்ணத்தில் லேசாகக் காற்றுப் பட்டாலே பைகள் ஒன்றாக வெடித்து, வித்துகள் புகைபோல எழும். பொறுமையாகக் காத்திருந்தால் அது தானாக நடப்பதையே பார்க்கலாம்.

கிண்ணத்துக்குள் குட்டி முட்டைகள் போன்ற வித்துப் பொதிகள் கிடந்தால் அது பறவைக்கூட்டுக் காளான், முற்றிலும் வேறு குலம். மழைத்துளி விழும் வேகத்தில் அந்த முட்டைகள் வெளியே தெறித்துப் பரவும்.

மலேசியாவிலும் மெக்சிகோவிலும் பழங்குடி மக்கள் சிலர் குக்கைனாவைச் சாப்பிடுகிறார்கள் என்று படித்துவிட்டு இங்கே சமைத்துப் பார்க்காதீர்கள். அவர்களுக்குத் தங்கள் காட்டின் காளான்கள் தலைமுறைகளாகப் பழக்கம். படத்தை வைத்து இனம்பிரித்து வாயில் போடுவது உயிரோடு விளையாடுவது.

சிற்றினத்தை உறுதியாகச் சொல்ல நுண்ணோக்கி வேண்டும். குக்கைனா சிற்றினங்கள் பலவற்றின் வித்துகளில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய வரிகளை அதில்தான் காண முடியும். அதுவரை குறிப்பேட்டில் ‘குக்கைனா’ என்று மட்டும் எழுதினால் போதும்.