போர் தண்ணீரில் வாடிய நியான் டெட்ரா

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 900. மீன் தொட்டிக் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு வெள்ளைக் கோடு படியும். வினிகர் தொட்டுத் தேய்த்தால்தான் போகும். உடம்பில் நீலக் கோடு மின்னும் சின்ன மீன்களான நியான் டெட்ராக்கள் வெளுத்துப்போய் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. அமேசான் ஓடைகளின் உப்பு குறைந்த மென்னீரில் பிறந்த இனம், பாவம்.

ஐப்பசி மழையில் மொட்டைமாடிக் குழாய்க்குக் கீழே டிரம் வைத்தேன். முதல் இரண்டு மழையைப் பிடிக்கவில்லை. தூசியும் காக்கா எச்சமும் அதோடு போகட்டும். மூன்றாவது மழையை வேட்டித் துணியில் வடிகட்டி டிடிஎஸ் மீட்டரை விட்டால், வெறும் 20! மூன்று குடம் மழைக்கு ஒரு குடம் போர் கலந்தேன்: 240.

முழுக்க மழைத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். தாங்கிப் பிடிக்கக் கார்பனேட் இல்லாமல் பிஎச் சரிந்துவிடும், அதாவது தண்ணீர் அமிலமாகிவிடும். தொட்டித் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றாமல், வாரம் ஐந்தில் ஒரு பங்கு மாற்றினேன். இரண்டாம் மாதம் மீன்களின் அந்த நீலக் கோடு பழையபடி மின்னியது.