உகந்தை மலை ஏறுவது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கு

இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவில், அறுகம்பை, பாணமை எல்லாம் தாண்டித் தெற்கே போனால், குமணக் காட்டின் வாசலில் கடலை ஒட்டி நிற்கிறது உகந்தை மலை. அடிவாரத்தில் முருகன், மேலே வள்ளியம்மன். பெரிய உயரமில்லை. ஆனால் மொட்டைப் பாறையும் வெயிலும் சேர்ந்தால் பழக்கமில்லாதவருக்கு மூச்சு வாங்கும்.

1. மாரி காலத்தில் போகாதீர்கள், பாறை வழுக்கும். மே முதல் செப்டம்பர் வரை நல்லது. கதிர்காமப் பாதயாத்திரை நாட்களில் சனம் நிறைந்திருக்கும். ஆறுதலாக ஏற நினைப்பவர்கள் அதற்கு முன்னோ பின்னோ போகலாம்.

2. ஆளுக்கு 2 லீட்டர் தண்ணீர், தொப்பி, கொஞ்சம் கச்சான் (நிலக்கடலை) அல்லது எள்ளுருண்டை. எல்லாவற்றையும் முதுகுப் பையில் போடுங்கள். இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். உணவுப் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்குக்குத்தான் போகும்.

3. பாணமையிலிருந்து நன்றாக விடிந்த பிறகு புறப்படுங்கள். அது யானை நடமாடும் பாதை. யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்க வேண்டாம். அது போகும் வரை பொறுங்கள்.

4. இனி ஏற்றம். படி இருக்கும் இடத்தில் படியை விடாதீர்கள். வெறும் பாறையில் நுனிக்காலால் ஏறக்கூடாது. பாதம் முழுவதும் பதிய வேண்டும். சின்னச் சின்ன அடியாக, நேரே ஏறாமல் வளைந்து வளைந்து போங்கள். பாறையின் நிறத்தையும் கவனியுங்கள். கறுப்பாகக் கோடு இறங்கியிருந்தால் அது தண்ணீர் ஓடிய தடம். ஈரமானால் பாசி வழுக்கிவிடும். வெளிறிய, சொரசொரப்பான பக்கமே கால் வைக்க ஏற்றது. பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் நில்லுங்கள், இரண்டு மிடறு தண்ணீர் குடியுங்கள், அப்புறம் ஏறுங்கள். சப்பாத்தைக் கழற்றிக் கும்பிட வேண்டிய இடங்கள் வரும். பத்து மணிக்குப் பிறகு பாறை வெறுங்காலைச் சுட்டுவிடும், ஆகவே வெள்ளெனவே ஏறிவிடுவதுதான் புத்தி.

5. மேலே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு. என்னைக் கேட்டால் கிழக்குக் கரையில் இதைவிட நல்ல காட்சி குறைவு. பாறைக் குழிகளில் சுனைகள் இருக்கும். அவற்றில் சோப்பு, ஷாம்பூ, பிளாஸ்டிக் எதுவும் விழக்கூடாது. காட்டு உயிர்களும் அதைத்தான் குடிக்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக வீசினால் விளிம்புக்குப் போகாதீர்கள். படம் பிடிக்கப் பின்னால் நகரவும் வேண்டாம்.

6. இறங்கும்போதுதான் பலர் விழுகிறார்கள். முழங்காலைச் சற்று மடக்கி, பக்கவாட்டில் கால் வைத்து இறங்குங்கள். பிள்ளைகளை ஓட விடாதீர்கள். முருகனைக் கும்பிட்டு, சாப்பிட்டு, பொழுது சாயுமுன் பாணமையைக் கடந்துவிடும்படி வெளிக்கிடுங்கள்.