சதுப்பை வடிக்கும்போது செய்யும் தவறுகள்: ஆறும் டாஃப்னியாவும்

பின்லாந்தில் ஒரு காலத்தில் ஏறக்குறைய ஒரு கோடி ஹெக்டேர் சதுப்பு இருந்தது. அதில் பாதியளவு, பெரும்பாலும் மரம் வளர்க்க, வாய்க்கால் வெட்டி வடிக்கப்பட்டது. 1960களிலும் 70களிலும் இந்த வேலை உச்சத்தில் இருந்தது. இன்று சதுப்பில் கைவைக்க நினைப்பவர்கள் அங்கே நடந்த தவறுகளிலிருந்தே தொடங்கலாம்.

'வடிவது வெறும் தண்ணீர்தானே' என்பது முதல் தவறு. சதுப்பின் பீட் மண் என்பது காற்றுப் படாததால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் கிடக்கும் செடிகொடிதான். நீர் இறங்கினால் காற்று புகும், மட்கல் தொடங்கும். பிறகு நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு, பழுப்புச் சாறு எல்லாம் ஆற்றுக்குத்தான் போகும்.

அதற்காக நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. யாரும் தொடாத சதுப்பிலிருந்து வரும் ஆறும் பால் விடாத தேநீர் போலத்தான் இருக்கும். கடும் அமில நீரோ சில சமயம் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். அதில் கரைந்திருக்கும் அலுமினியம் மிதக்கும் துகள்களைத் திரட்டி அடியில் படியவைத்துவிடுகிறது. அந்தத் தெளிவைப் பார்த்து மகிழ்ந்தால் ஏமாந்தோம்.

இந்த அமிலம் எங்கிருந்து வருகிறது? பின்லாந்துக்கு மேற்கே உள்ள பொத்னியா வளைகுடாவின் கரையில் நிலம் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் அளவில் உயர்ந்துகொண்டிருக்கிறது. பழைய கடலடிக் களிமண் இன்று வயலுக்கும் சதுப்புக்கும் அடியில் இருக்கிறது. அதிலுள்ள இரும்பு சல்பைடு நீருக்குள் இருக்கும்வரை சாது. வாய்க்கால் ஆழமாகிக் காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகிவிடும். (கேரளத்தின் குட்டநாட்டுக் கரி நிலங்களிலும் இதே கதைதான்.) 2006 கோடையில் பின்லாந்தில் கடும் வறட்சி. பிறகு பெய்த மழை மண்ணில் சேர்ந்திருந்த அமிலத்தை அடித்துக்கொண்டு போனது. மேற்கு பின்லாந்தின் ஆறுகளில் மீன்கள் செத்து மிதந்தன. ஜூலையில் ஒரே ஒரு புட்டி நீர் எடுத்து 'ஆறு நலம்' என்று எழுதுபவருக்கு இது தெரியவே தெரியாது. வறட்சிக்குப் பின் வரும் முதல் பெருமழையில் நீர் எடுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் உறுத்தும் தவறு, மீனை மட்டும் எண்ணுவது. மீன்குஞ்சுகளுக்கு இரையாகும் டாஃப்னியாவை யார் எண்ணுகிறார்கள்? வண்ணமீன் வளர்ப்பவர்கள் பாலித்தீன் பையில் வாங்கிவரும் அதே பூச்சிதான். இறால், நண்டு வகையறா. சில மில்லிமீட்டர்தான் இருக்கும். கால் மயிரால் நீரை வடிகட்டித் தின்னும். வாய்க்காலிலிருந்து வரும் நுண்துகள் அதன் குடலை நிரப்பினால் பாசிக்கு இடமில்லை. அது மீண்டும் மீண்டும் ஓடு கழற்றும். புது ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அமில நீரில் அது பெரும்பாலும் குறைவு. pH (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5-க்குக் கீழே போனால் பல டாஃப்னியா இனங்கள் தாங்காது. கம்மாரஸ் என்ற சிற்றிறால் அதற்கும் முன்பே, 6-ஐ ஒட்டியே, குறையத் தொடங்கும். அதே வகையறாவைச் சேர்ந்த அசெல்லஸ் சற்றுத் தாக்குப்பிடிக்கும். ஆகவே 'பூச்சி இருக்கிறதே' என்று தலையை எண்ணிப் பயனில்லை, எந்தப் பூச்சி என்று பார்க்க வேண்டும்.

வாய்க்கால் முனையில் வண்டல் குழி வெட்டினால் போதும் என்பாரும் உண்டு. குழியில் வண்டல் தங்கும், கரைந்தது தங்காது. வாய்க்காலை அடைத்ததும் ஆறு தேறிவிடும் என்பதும் அவசரம். உரமிட்ட நிலத்தை மறுபடி நனைத்தால், இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் சில ஆண்டுகள் கசியக்கூடும்.

நீர் சரியான பிறகு வேறு ஊர் டாஃப்னியாவைக் கொண்டுவந்து கொட்டாதீர்கள். அதன் உறங்கும் முட்டைகள் சேற்றில் பல பத்தாண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். பல இடங்களில் அவையே பொரித்து வரும்.