மலை ஏரிகளைப் பார்க்கச் செல்லும் கடற்கரைக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15-ஆம் தேதி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் மண்டபம், பாம்பன், இராமேசுவரம் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளி விடுமுறையும் அதே நாட்களில் வருவதால், காரையோ வாடகை வேனையோ எடுத்துக்கொண்டு கொடைக்கானலுக்குப் போய்வரும் குடும்பங்கள் எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் நிறைய உண்டு. அவர்கள் வழியில் படும் சிரமங்களில் பெரும்பாலானவை, கடலோரத்தில் பழகிய கண்ணையும் கையையும் மலையிலும் அப்படியே நம்புவதால் வருபவை என்பது, பல முறை அந்தப் பாதையில் ஓட்டிய எனக்குப் பட்ட கருத்து.

முதலில் வானத்தைச் சொல்ல வேண்டும். கச்சான் எனும் மேல்காற்று ஓய்ந்து வாடை திரும்பியதா என்பதை முகத்தில் படும் காற்றை வைத்தே சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். மழை வருமுன் அடிவானம் கறுத்து ஏறுவதை வெகு நேரத்துக்கு முன்பே பார்த்துவிடலாம்; பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகுகளைக் கட்டிவிடலாம். மலையில் அந்த அடிவானமே கண்ணுக்குத் தெரிவதில்லை. வெயிலில் சூடான ஈரக்காற்று சரிவில் ஏறி, மேலே போகப் போகக் குளிர்ந்து, நாம் நிற்கும் இடத்திலேயே மேகமாகிவிடுகிறது. அதனால்தான் ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணிக்குப் பளிச்சென்று இருக்கும் ஏரி, பிற்பகல் இரண்டு மணிக்கு இடியும் மழையுமாக மாறிவிடுகிறது. வீட்டில் காலைப் பலகாரத்தை முடித்துவிட்டுச் சாவகாசமாகக் கிளம்புவது, இந்தக் காரணத்தால், முதல் தவறு. இராமநாதபுரத்திலிருந்து மதுரை, வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 230 கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் மலைப்பாதையில் இருக்கலாம்.

மழைக்காலத்தில் செல்பவர்கள் வேறொரு தவறு செய்கிறார்கள். புயல் நம் கரைக்கு வரவில்லை, ஆகவே மேற்கே பயமில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் திண்டுக்கல் மாவட்டம் வழியாக மேற்கே நகர்ந்தபோது, கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. கடலில் புயல் இருக்கும் நாளில் திண்டுக்கல், தேனி மாவட்டங்களுக்கான வானிலை அறிவிப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வண்டியைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் உப்புக் காற்று செய்யும் வேலை வெளியில் தெரிவதில்லை. ஒரு மே மாதத்தில், கொடைக்கானல் மலைப்பாதையோரம் உள்ள வெள்ளி அருவிக்குச் சற்றுக் கீழே திடீரென மழை பிடித்துக்கொள்ள, வைப்பரைப் போட்டேன். மாதக்கணக்கில் வெயிலிலும் உப்பிலும் கிடந்து விறைத்துப்போயிருந்த ரப்பர், தண்ணீரை வழிக்காமல் கண்ணாடி முழுவதும் வெள்ளைக் கோடுகளாக இழுத்துவிட்டது. எதிரே வந்த பேருந்தின் விளக்கு அந்தக் கோடுகளில் சிதற, சாலையின் ஓரம் எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை. பின்னால் குழந்தைகள் அமர்ந்திருந்த அந்தச் சில நிமிடங்களை நான் மறக்கவில்லை. சில நூறு ரூபாய் வைப்பர் ரப்பரை நான் கிளம்புமுன் மாற்றியிருக்க வேண்டும். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்பு, அடியில் துருவேறிய பிரேக் குழாய்கள் ஆகியவற்றையும் மெக்கானிக்கிடம் காட்டாமல் ஏறக்கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் கலந்த ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதித்து, பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுவது நல்லது.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. அதை மலையடிவாரத்தில் வரிசையில் நின்றபடி தேடாமல், வீட்டிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

மேலே போனபின் ஒரே நாளில் எல்லா ஏரிகளையும் பார்த்துவிடத் துடிப்பது அடுத்த தவறு. மதுரை ஆட்சியராக இருந்த வெர் லெவிஞ்ச் 1863-இல் அமைத்த ஊர் நடுவிலுள்ள நட்சத்திர ஏரி ஒருபுறம். வனத்துறை அனுமதி பெற்றே செல்லக்கூடிய பேரிஜம் ஒருபுறம். பூம்பாறையைத் தாண்டி மேற்கே இருக்கும் மன்னவனூர் இன்னொருபுறம். யானை நடமாட்டம் இருந்தால் பேரிஜம் பாதையை மூடிவிடுவார்கள் என்பதால் அதை மட்டும் நம்பித் திட்டமிடக் கூடாது. மன்னவனூர் போனால் இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். அந்தி நேரத்தில் காட்டெருமை வளைவில் நிற்கும், பனிமூட்டத்தில் அதன் கறுத்த உடல் மிக அருகில் வந்த பிறகே தெரியும். கொடைக்கானல் ஏரியிலிருந்து வழியும் நீர்தான் வெள்ளி அருவியாக விழுகிறது. மேலே கொட்டிய மழை சற்று நேரம் கழித்து அங்கே வந்து சேரும் என்பதால், வானம் வெளுத்துவிட்டதே என்று பாறைகளில் இறங்குவது ஆபத்து.

பனிமூட்டத்தில் ஹெட்லைட்டை உயர்த்திப் போடாதீர்கள்; ஒளி பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். டிம்மில் வைத்து, கண்ணாடி மங்கினால் ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, மெதுவாகச் செல்ல வேண்டும். ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டர்களையும் ஒருசேர எரியவிடுபவர்கள் பலர். அவர்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இறக்கம்தான் எங்கள் பகுதி ஓட்டுநர்களுக்கு மிகவும் புதியது. தினமும் ஓட்டும் சாலைகளில் அவர்கள் அறிந்த ஒரே பெரிய ஏற்ற இறக்கம் 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம். கொடைக்கானலோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவதும், வழி நெடுகப் பிரேக்கிலேயே காலை வைத்திருப்பதும் பிரேக்கைச் சூடேற்றி, கடைசியில் பிடிக்காமல் செய்துவிடும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும், ஏனெனில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது அவருக்கே கடினம். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாமல், தானாக ஆறும்வரை அரை மணி நேரமாவது காத்திருங்கள். அடிவாரத்துக்கு வந்ததும் சக்கரங்களின் அருகே உள்ளங்கையைத் தொடாமல் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக வீசினால் அந்தப் பிரேக்கைக் காட்டிவிட்டே மதுரைச் சாலையில் ஏறுங்கள்.