அசையழுத்தம் எங்கே விழும்? ‘ஹோட்டலை’ வைத்துப் பழகலாம்

ஒரு சொல்லில் ஓர் அசையை மட்டும் மற்றவற்றைவிட எடுப்பாகச் சொல்வதே அசையழுத்தம். முதலில் அசைகளை எண்ணுங்கள். எழுத்தை அல்ல, உயிரொலியை எண்ண வேண்டும். யாப்பிலக்கணக் கணக்கு இங்கே உதவாது: ‘பலா’ அங்கே ஒரே நிரையசை, இங்கே இரண்டு அசை. கீழே ˈ குறியை அடுத்து வருவதே அழுத்த அசை. பல அகராதிகளிலும் இதே குறிதான்.

செக், ஹங்கேரியன், ஃபின்னிஷ் மூன்றிலும் முதல் அசை. ˈஹோ-டெல் (ஃபின்னிஷில் ˈஹோ-டெல்-லி), அவ்வளவுதான். போலிஷில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசை என்பதால், விகுதி சேர்ந்தால் அழுத்தமும் நகரும்: ஒருமை ˈஹோ-டெல், பன்மை ஹோ-ˈடெ-லெ. செக்கில் பன்மையிலும் ˈஹோ-டெ-லி என்று அசையாமல் நிற்கும்.

ஸ்பானிஷ் விதி சுத்தமானது. சொல் உயிரிலோ ‘ன்’, ‘ஸ்’ எழுத்துகளிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசை. வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசை. ஆகவே ஓ-ˈதெல். விதியை மீறும் சொல்லில் உயிரெழுத்தின் தலையில் சாய்கோடு போடுவார்கள். அதைக் கவனிக்காவிட்டால் பொருளே மாறிவிடும்: ˈஆ-ப்லோ ‘பேசுகிறேன்’, ஆ-ˈப்லோ ‘பேசினார்’. செக்கிலும் ஹங்கேரியனிலும் அதே சாய்கோடு நெடிலைத்தான் காட்டும், அழுத்தத்தை அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான்.

ரஷ்ய மொழியில் விதியை நம்பிப் பயனில்லை. ˈஸா-மக் கோட்டை, ஸ-ˈமோக் பூட்டு. இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றே. அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளாமல் எந்தச் சொல்லையும் மனப்பாடம் செய்யாதீர்கள்.

ஆங்கிலத்தில் ஹோ-ˈடெல். நாம் முதல் அசையைத் தூக்கிச் சொல்கிறோம். தமிழில் குறில் நெடில் பொருளை மாற்றும், அழுத்தம் மாற்றாது. அதனால் நெடில் கண்ட இடத்தில் அழுத்தத்தை வைத்துவிடுகிறோம். விகுதிகளைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடியும். ‘-ஷன்’, ‘-இக்’, ‘-இட்டி’ என முடிந்தால் பொதுவாக அதற்கு முந்தைய அசை: ஃபோ-ட-ˈக்ரா-ஃபிக். ‘பாலிடிக்ஸ்’ விதிவிலக்கு, முதல் அசையில் விழும்.

பயிற்சியை அழுத்த அசையிலிருந்து தொடங்குங்கள்: ˈடொ, பிறகு ˈடொ-க்ர-ஃபி, கடைசியில் ஃப-ˈடொ-க்ர-ஃபி. குரலை மட்டும் உயர்த்தினால் போதாது. மற்ற அசைகளைச் சுருக்கி, உயிரொலியை மங்கவிட வேண்டும். ஸ்பானிஷில் இப்படி மங்கவிடாதீர்கள், அங்கே அழுத்தமில்லாத ‘ஓ’வும் ‘ஓ’தான். ரஷ்யனில் அது ‘அ’ ஆகிவிடும், மேலே ‘ஸாமக்’ ஆனதைப் போல.