செம்மண்ணில் கோழிக்கூடு கட்டும் முறை

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்துவிடும் என்பதால், சுவர் எழுப்பச் செம்மண்ணையே தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லும் வேரும் போகச் சலித்த செம்மண்ணுடன் ஆற்றுமணலும் விரல் நீளத்திற்கு நறுக்கிய வைக்கோலும் சேர்த்து, நீர்விட்டு மிதித்து, இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். அதில் ஓர் உருண்டை பிடித்து நிழலில் உலர்த்திப் பாருங்கள். வெடிப்பு விழுந்தால் மணல் போதவில்லை, பொடியாக உதிர்ந்தால் மணல் மிகுந்துவிட்டது. இந்தச் சோதனையை எக்காரணம் கொண்டும் தவிர்க்க வேண்டாம்.

மண்சுவருக்குப் பகை தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரின் அடி கரையாமலிருக்க, தரைக்கு மேல் ஓரடி உயரம் கருங்கல் அடுக்கி, அதன்மேல் முக்கால் அடி கனத்தில் மண்ணை வைத்து, கீழ்வரி இறுகிய பிறகே மேல்வரியை ஏற்ற வேண்டும். கூரையின் பனையோலை சுவரைத் தாண்டி இரண்டடியாவது நீண்டிருக்கட்டும். கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைந்தால் சித்திரை வெயில் உள்ளே அதிகம் இறங்காது.

நாட்டுக்கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி இடம் தேவை. கீரியும் மரநாயும் நுழையாதபடி காற்றுத்துளைகளுக்கு அரை அங்குலக் கம்பிவலை அடியுங்கள். உண்ணிகள் பகலில் சுவர் விரிசல்களில் பதுங்கி, இரவில் கோழிகளின் இரத்தத்தை உறிஞ்சும்; ஆகவே விரிசல் கண்டவுடன் மண் குழைத்து மெழுகி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.